சலவைக்குப் போன நோட்டுகள்

பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு ஒன்றுதான். பணம்தான் வேறு. அந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் எங்கள் சலவைக் கடையில் துணி போட்டால் சில சமயம் எங்கள் காசைக் கொடுப்பார்கள், சில சமயம் அவர்கள் நாட்டு நோட்டை நீட்டுவார்கள். அம்மா எதையும் மறுத்ததில்லை. அந்த நாட்டு நோட்டுகளை மட்டும் பிய்ந்துபோன பித்தான்களைப் போட்டு வைக்கும் தகர டப்பாவில் சேர்த்து வைப்பாள். என்றைக்காவது உதவும் என்பாள்.

அந்த என்றைக்காவது போன மாதம் வந்தது. எங்களுக்கு முக்கால்வாசி வேலை கொடுக்கும் மருத்துவமனை, அடுத்த மாதத்திலிருந்து படுக்கை விரிப்புகள் எல்லாம் உருளையில் அழுத்திச் சுருக்கமில்லாமல் வர வேண்டும், முடியாவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு அத்தனை விரிப்புகளைத் தேய்க்க முடியாது. மருத்துவமனை போனால் கடை வாடகைக்கே வழியில்லை. ஆகவே ஒரு ரோலர் மெஷின் வேண்டும். புதிது வாங்க எங்களால் ஆகாது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தங்கும் விடுதி தன்னுடைய சலவைப் பிரிவை மூடப்போவதாக லாரிக்காரர் ஒருவர் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். மாலை வகுப்பில் மின்சாதனப் பழுதுபார்ப்பு படிக்கிறேன் என்பதால் வீட்டில் இந்த மாதிரி வேலை என் தலையில் விழும். சூடேற்றும் கம்பி, பெல்ட், உருளையைச் சுற்றியிருந்த கம்பளி உறை, எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன். நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பேரிங் சத்தத்தைச் சரியாகக் கேட்டேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மறுபடி போய்க் கேட்டேன். சத்தம் இல்லை. அப்புறம், சத்தம் இல்லாதது நல்லதா, அல்லது கெட்டியான கிரீஸைத் திணித்து மறைத்திருக்கிறார்களா என்று யோசித்தேன். என் மாமா, அம்மாவின் தம்பி, என்னை வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சந்தேகம் என்றுதான் கூப்பிடுவார். "சந்தேகம் வந்தாச்சா, சோறு போடு" என்பதுதான் அவர் வழக்கம்.

விடுதிச் சலவைப் பிரிவின் மேற்பார்வைக்காரம்மா கறாரானவர். விலை அவர்கள் நாட்டுப் பணத்தில், முழுவதும் கையில் வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணி வரை வைத்திருப்பேன், அதற்கு மேல் இன்னொருவர் கேட்டிருக்கிறார் என்றார். நான் கிளம்பும்போது ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்: "நோட்டு சுத்தமா இருக்கணும்மா. இங்க யாரும் அழுக்கு நோட்டு வாங்க மாட்டாங்க. எங்க கேஷியர் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குவார்."

டப்பாவைத் திறந்து பார்த்தோம். விலைக்குச் சரியாக இருந்தது, சுத்தத்துக்குத்தான் வெகுதூரம். எங்கள் பக்கத்தில் பணம் மாற்றும் கடைக்காரர் அந்த நோட்டுகளை விரல் நுனியால் புரட்டிவிட்டு, இந்த அழுக்குக்குப் பாதி விலைதான் என்றார். அம்மா எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "கறைன்னா அது நம்ம வேலைதானே. அதுக்கு எதுக்கு அவனுக்குப் பாதி குடுக்கணும்?"

அன்று சாயங்காலம் கடையின் உள்ளறையில் நோட்டுகளை மேசையில் பரப்பினாள். துணியைப் பார்ப்பது போலவே ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, ஏனென்றால் கறையை வைத்தே ஆளைச் சொன்னாள். இந்த கிரீஸ் விரல், கண்ணாடித் தகடு ஏற்றி வருகிறவர். இந்த நீல மை, பார்க்கிற எதிலும் போன் நம்பர் எழுதி வைக்கும் அந்தச் சுருட்டை முடிக்காரர். இது டீ. இது டீ இல்லை, இருமல் மருந்து. போன குளிர் காலத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஐந்து சட்டை போட்டாரே, அவர்.

பிறகு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் போடும் சலவைத் தூளைக் கரைத்தாள். அது விலை கூடிய தூள். அதைப் போட்ட சட்டை வெயிலில் கண்ணைக் கூச வைக்கும்.

நோட்டைத் துவைப்பது சட்டப்படி சரியா என்று கேட்டேன்.

"மழையில நனைஞ்சா சட்டம் வந்து குடை பிடிக்குதா?" என்றாள்.

நானும் சேர்ந்துதான் அலசினேன். கொடியில் கிளிப் போட்டு மாட்டினோம். ஈரம் போனதும் இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்து இளஞ்சூட்டில் தேய்த்தாள். கறைகள் போய்விட்டன, மை கூட மங்கலாகத்தான் தெரிந்தது. நோட்டின் சொந்த நிறங்கள் அப்படியே இருந்தன. மாமா வந்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இதைச் செலவழிக்க மனசு வருமா? சட்டம் போட்டு சுவத்துல மாட்டுக்கா."

வெள்ளிக்கிழமை காலை நானும் அம்மாவும் கிளம்பினோம். பணம் கொடுத்ததும் போன் செய்தால், மாமா வாடகை வண்டியோடு வந்து மெஷினை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. இந்தப் பக்கம் கட்ட வேண்டிய சுங்க வரிக்கு எங்கள் காசைத் தனியாக எடுத்து வைத்திருந்தோம்.

கிளம்பும் முன் ஒரு வாக்குவாதம் நடந்தது. பாலத்தைக் கடக்கும் ஒருவர் குறிப்பிட்ட தொகை வரை சொல்லாமல் கொண்டுபோகலாம், அதற்கு மேல் என்றால் சுங்கக் கூடத்தில் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒருவருக்கு அதிகம். இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குக் குறைவு. மாமா பிரித்துக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். ஒரே குடும்பத்துப் பணத்தை ஒரே வேலைக்காகக் கொண்டுபோகும்போது பிரிப்பது சரியா என்று, சுங்கக் கூடத்து அறிவிப்புப் பலகையை முன்பே மூன்று முறை படித்தும் எனக்குத் தெளிவாகவில்லை. தெளிவாகாததால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "வாய மூடிட்டுப் போனா பத்து நிமிஷம். இவ கூடப் போனா பொழுது சாயும், பாருக்கா."

கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் படிவத்தைப் படித்துவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். நோட்டுகளை வாங்கிப் பக்கத்திலிருந்த கறுப்புப் பெட்டிக்குள் நீட்டினார். அதற்குள் ஒரு ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் நோட்டை நீட்டியவர் வெளியே எடுக்கவில்லை. இரண்டாவதை அதன் பக்கத்தில் வைத்தார். மூன்றாவது. பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தாமல் பின்னால் ஒருவரைக் கூப்பிட்டார்.

இருந்த இடத்திலிருந்து எனக்கும் தெரிந்தது. பெட்டிக்குள் நோட்டுகள் நீல வெள்ளையாக ஒளிர்ந்தன. காகிதம் முழுவதும், மூலை வரை. எனக்கு முதலில் பயம் வரவில்லை. அழகாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. நல்ல நோட்டு இந்த விளக்கில் இருட்டாகத்தான் இருக்கும், கள்ள நோட்டின் காகிதம்தான் ஒளிரும் என்று இரண்டாவது அதிகாரி சொன்ன பிறகுதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், சுவரில் கடிகாரம். முதல் அதிகாரி அந்தக் கறுப்புப் பெட்டியையும் கொண்டுவந்து மேசையில் வைத்து, எங்கே கிடைத்த பணம் என்று கேட்டார். அம்மா சொன்னாள். எத்தனை பேர் கொடுத்தது என்றார். எண்ண முடியாது என்றாள். பல வருஷங்களாகப் பல பேர் கொடுத்த நோட்டுகள் எல்லாமே கள்ள நோட்டாக இருக்க முடியுமா என்று அவருக்கும் யோசனை இருந்திருக்க வேண்டும். நான்கைந்தை எடுத்து பூதக்கண்ணாடியில் பார்த்தார், விரலால் தடவினார், வெளிச்சத்தில் பிடித்து உள்ளே தெரியும் உருவத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் விளக்கில் வைத்தால் ஒளிர்ந்தது.

அம்மாவின் முகம் சிவந்திருந்தது. "நான் யாரையும் ஏமாத்தினதில்ல சார்" என்று மட்டும் சொன்னாள். கடிகாரம் பதினொன்றைத் தாண்டிவிட்டது. மூன்று மணிக்கு மெஷின் கைமாறிவிடும்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பழுதான சாதனத்தைத் திறப்பதற்கு முன்னால், காரணம் எதையும் ஊகிக்காமல், கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டும். எனக்கு வேறு எதுவும் தெரியாததால் மனதுக்குள் அதைச் செய்தேன். நோட்டு ஒளிர்கிறது. மேசை ஒளிரவில்லை. அதிகாரியின் விரல் ஒளிரவில்லை. அவருடைய சட்டைக் கைமுனை ஒளிர்கிறது.

இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. அதிகாரியின் சட்டையைப் பற்றிப் பேசுவது மரியாதையாக இருக்காது. தவிர, நான் நினைப்பது தப்பாக இருந்தால் இன்னும் மோசமாகும். பிறகு பையிலிருந்து என் கைக்குட்டையை எடுத்து, இதை உள்ளே வைத்துப் பார்க்கலாமா சார் என்று கேட்டேன்.

அவர் வைத்தார். அது நோட்டுகளைவிடப் பிரகாசமாக எரிந்தது.

அதிகாரி கைக்குட்டையை வெளியே எடுத்தார். பிறகு தன் கைமுனையை உள்ளே நீட்டினார். பேனாவை நீட்டினார், ஒன்றும் இல்லை. அடையாள அட்டையின் நாடா, ஒன்றும் இல்லை. இரண்டாவது அதிகாரி தன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது அவருடைய பற்கள் பச்சை கலந்த வெள்ளையாக மின்ன, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"இது எங்க தூள்" என்றாள் அம்மா திடீரென்று. "வெள்ளைத் துணிக்குப் போடுற தூள் சார். இவ கைக்குட்டையும் அதுல துவைச்சதுதான்."

"கைக்குட்டை சரிம்மா. நோட்டுக்கும் அதுக்கும் என்ன?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அழுக்கா இருந்துச்சு சார்."

"நோட்டைத் துவைச்சீங்களா?"

"தேய்ச்சும் வச்சேன்."

இரண்டாவது அதிகாரி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

முதலாமவர் சிரிக்கவில்லை. சொல்வது உண்மையா என்று தெரிய வேண்டுமே என்றார். நல்ல நோட்டு ஒன்றைத் துவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். எங்களிடம் துவைக்காத நோட்டு ஒன்றுகூட இல்லை. அவர் தயக்கத்தோடு தன் பர்ஸிலிருந்து அந்த நாட்டின் சிறிய நோட்டு ஒன்றை எடுத்து முதலில் விளக்கில் காட்டினார். இருட்டாக இருந்தது. அதைக் கழிவறைக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்தார். சூடான காற்றில் கையை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே பிடித்துக் காயவைத்தார். விளக்கில் வைத்தார்.

இருட்டாகவே இருந்தது.

நான் சொன்னது தப்பு. என் பேச்சைக் கேட்டு அம்மாவும் நோட்டைத் துவைத்ததாக ஒப்புக்கொண்டுவிட்டாள், இப்போது பொய்யும் சேர்ந்துகொள்ளும். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படிவம் ஒன்றை எடுத்தார்.

அம்மா எழுந்து போய் அந்த ஈர நோட்டை முகர்ந்தாள்.

"இது கை கழுவுற சோப்பு சார். இதுல வாசனைதான் இருக்கு, வெளுப்பு எங்க இருக்கு? துணித் தூள் போட்டுப் பாருங்க."

கட்டடம் துடைக்கும் அம்மாளிடம் ஒரு பிடி தூள் வாங்கி வந்தார்கள். எங்கள் தூள் அளவுக்கு உயர்ந்ததில்லை என்று அம்மா அதைப் பார்த்ததுமே சொன்னாள். இந்த முறை அதிகாரி கழுவ, அம்மா பக்கத்தில் நின்று, கசக்காதீங்க, ஊற விடுங்க, நோட்டுக்கு அவசரம் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காய்ந்ததும் விளக்கில் வைத்தார். முழுவதும் ஒளிரவில்லை, திட்டுத் திட்டாக. ஆனால் ஒளிர்ந்தது.

"என் நோட்டும் போச்சா?" என்றார் அவர்.

நான் மன்னிப்புக் கேட்டேன்.

படிவத்தின் கீழே அவர் எழுதினார்: பரிசோதித்த நோட்டுகள் நல்லவை, சலவைத் தூளில் துவைக்கப்பட்டதால் ஒளிர்கின்றன. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி ஒரு பிரதியை என்னிடம் கொடுத்தார். நாங்கள் எழுந்தபோது, தான் விட்டுவிட்டாலும் அந்தப் பக்கம் எல்லாக் கடையிலும் இதே விளக்குதான் இருக்கிறது, ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்றார். வங்கி மாற்றிக் கொடுக்கும். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பார்த்து மாற்ற மூன்று வாரம் ஆகும்.

பாலத்தின் மேல் பேருந்தில் போகும்போது அம்மா ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்று வாரம் கழித்து மெஷின் இருக்காது. மெஷின் இருந்தாலும் அதற்குள் மாதம் பிறந்துவிடும். நோட்டுகளைப் பேசாமல் நீட்டிவிடலாமா, முன்னாலேயே சொல்லிவிடலாமா என்று கேட்டேன். நீட்டினால் ஒருவேளை அந்தக் கேஷியர் விளக்கில் பார்க்காமலே வாங்கலாம். அம்மா யோசித்தாள்.

"அந்தம்மாவும் துணி துவைக்கிறவதானே. சொன்னா புரியும். புரியலன்னா, நீட்டினாலும் புரியாது."

விடுதியின் சலவைப் பிரிவு தரைக்கு அடியில் இருந்தது. பாதி இயந்திரங்களை ஏற்கெனவே எடுத்துப் போய்விட்டதால் தரையில் நான்கு மூலைத் தழும்புகள் மட்டும் இருந்தன. எங்கள் ரோலர் சுவரோரமாக இருந்தது. அதை அப்போதே எங்களுடையது என்று நினைத்ததற்காக என்னை நானே கடிந்துகொண்டேன். மேற்பார்வைக்காரம்மா சாவிக் கொத்தோடு வந்தார். அம்மா பையைத் திறப்பதற்கு முன்பே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டே நடந்து எங்களை உள்சுவருக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு கம்பியில் வரிசையாகக் கிளிப் மாட்டியிருந்தது. தங்க வருகிறவர்களின் பைகளில் மறந்து சலவைக்கு வந்துவிட்ட சாமான்கள் அதில் தொங்கின. அறைச் சாவி, ஒற்றைக் காதணி, ரயில் டிக்கெட் ஒன்று எழுத்தே இல்லாமல். நடுவில் அவர்கள் நாட்டு நோட்டுகளும் சில.

"எல்லாம் துவைச்சதுதான்" என்றார். "எங்களுக்குத் தெரியும் இந்தக் கூத்து. யாரும் கேட்டு வரலன்னா மாசக் கடைசியில கேஷியர் ஒரு கடிதம் வச்சு வங்கிக்கு அனுப்புவார். அவங்க மூணு வாரம் வச்சுட்டு நல்லதைக் குடுப்பாங்க. இந்த மாசம்தான் கடைசித் தடவை."

அப்படியானால் எங்கள் நோட்டுகளையும் அதோடு அனுப்ப முடியுமா என்று அம்மா கேட்டாள். முடியும், ஆனால் மெஷினை இன்றைக்குத் தர கேஷியர் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்றார். கேஷியர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மெலிந்த மனிதர். நோட்டுகளை வாங்கக்கூட இல்லை. இவை நல்லவை என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் பிரதி ஞாபகம் வந்தது. காலையில் நான் பிடிவாதமாக எழுதிக் கொடுத்த அதே படிவம், முத்திரையோடு. அவர் அதை இரண்டு முறை படித்தார். நாங்கள் பிரித்துக்கொண்டு வந்திருந்தால் இந்தக் காகிதம் இருந்திருக்காது என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. பிரித்துக்கொண்டு வந்திருந்தால் நோட்டுகள் ஒளிர்கின்றன என்று தெரியாமலே இங்கே வந்து நின்றிருப்போம் என்றும் தோன்றியது. எது நல்லது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

"எல்லாத்தையும் பார்க்கலன்னு இதுலயே இருக்கே" என்றார் கேஷியர். பரிசோதித்த நோட்டுகள் என்ற சொற்களின் மேல் விரலை வைத்தார். அது என் கண்ணில் படவே இல்லை.

மேற்பார்வைக்காரம்மா ரோலரிடம் போனார். பிறகு அதன் பக்கவாட்டில் திருகியிருந்த சின்னப் பெட்டியைத் தட்டினார். சூடு ஏறினால் மின்சாரத்தைத் தானாகவே நிறுத்தி, இறங்கினால் மறுபடி போடும் தெர்மோஸ்டாட் அது.

"உடம்பு போகட்டும் சார். மூளைய இங்க வச்சுக்குவோம். வங்கி நல்லதுன்னு சொன்னதும் வந்து வாங்கிக்கட்டும்."

கேஷியர் என்னைப் பார்த்தார். மூளை இல்லாமல் இது ஓடுமா என்று கேட்டார். ஓடும், ஆனால் கைவிசையால் மின்சாரத்தைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டும், சூடு எவ்வளவு என்று தெரியாது, கொஞ்சம் கூடினாலும் விரிப்பு கருகிவிடும் என்றேன். மருத்துவமனை விரிப்பு ஒன்று கருகினால் அன்றைக்கே எல்லாம் முடிந்தது. ஆகவே முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நான் தேய்க்கிற பெட்டிக்கு எந்த மூளை இருந்துச்சு?" என்றாள் அம்மா. "ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சா அது பேசுமே. அதைக் கேட்டாப் போதும். இவ விசையப் பாத்துக்குவா."

இவளா என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் கேஷியர் நோட்டுகளை உறையில் போட்டு அம்மாவின் விலாசத்தை எழுத ஆரம்பித்துவிட்டார். மாமா வண்டியோடு வந்தபோது மூன்று மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. மெஷினை ஏற்றும்போது அந்தப் பெட்டி இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, தலையில்லாத முண்டத்துக்கா இவ்வளவு பாடு என்று கேட்டார். நடந்ததைச் சொன்னதும் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். சுங்கக் கூடத்தில் அதிகாரி மெஷினுக்கு வரி எழுதும்போது, இதையும் துவைத்தீர்களா என்று கேட்டதை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மூன்று வாரமும் நான் விசைப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா உருளையில் விரலால் தண்ணீர் தெளிப்பாள். சொட்டு உருண்டோடினால் அணை. சட்டென்று மறைந்தால் விரிப்பை விடு. மெதுவாகக் கொதித்தால் போடு. முதல் நாள் பழைய துணிகளை விட்டுப் பார்த்தோம், இரண்டு கருகின. மருத்துவமனை விரிப்பு ஒன்றுகூடக் கருகவில்லை. மாலை வகுப்புக்குத் தினமும் தாமதமாகப் போனேன். வகுப்பில் நான் இதைச் சொன்னபோது, தண்ணீர்ச் சொட்டு எத்தனை டிகிரியில் உருளும் என்று ஒருவர் கேட்டார். தெரியவில்லை, பெட்டி வந்ததும் அளந்து பார்க்க வேண்டும் என்றேன். மாதம் பிறந்தது. மருத்துவமனையிலிருந்து புகாரில்லை. இன்னொரு பகுதியின் விரிப்புகளையும் அனுப்பத் தொடங்கினார்கள்.

பிறகு மேற்பார்வைக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. வங்கி எல்லா நோட்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று உண்மையாகவே கள்ள நோட்டு.

அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு இது எப்படி நடந்தது என்று விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. துவைக்காமல் கொண்டுபோயிருந்தால் அந்த ஒன்று மட்டும் தனியாக ஒளிர்ந்திருக்கும், அங்கேயே பிடித்திருப்பார்கள். எல்லாவற்றையும் துவைத்ததால் நல்ல நோட்டுகளுக்கு நடுவில் அது ஒளிந்துகொண்டது.

"யார் குடுத்தான்?" என்றாள் அம்மா. என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டாள். "கண்ணாடிக்காரரா? இருமல்காரரா? கறை இருந்திருந்தா இப்பவே சொல்லியிருப்பேனே. நானே எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

அன்று முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கண்ணாடித் தகடு ஏற்றி வருகிறவர் சட்டைகளைப் போட்டுவிட்டு ஒரு நோட்டை நீட்டினார். ஒரு முனையில் புது கிரீஸ் விரல். அம்மா அதை வாங்கி, ஈரக்கை படாமல் வைக்க வேண்டுமென்று நினைத்தவள் மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதைத் தொடவே கூடாது என்று எனக்கும் மாமாவுக்கும் உத்தரவு.

தெர்மோஸ்டாட்டை வாங்கிவரப் போகும்போது சுங்க அதிகாரியிடம் கள்ள நோட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றேன், அவர் நம்பி விட்ட பணத்தில் அதுவும் இருந்ததே என்று. மாமா என்னைக் கும்பிட்டார். நான் சொன்னேன். அதிகாரி நான் எதிர்பார்த்தபடி கோபப்படவில்லை. மேசையிலிருந்து தன் திட்டுத் திட்டான நோட்டை எடுத்துக் காட்டினார். வங்கிக்குக் கொண்டுபோக இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம். பிறகு அம்மா கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். யார் கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியாது என்றோம். அவர் எழுதிக்கொண்டார்.

விடுதியில் தெர்மோஸ்டாட் பெட்டி கேஷியரின் மேசை மேல் துணியில் சுற்றி வைத்திருந்தது. கள்ள நோட்டுக்குப் பதிலாக ஒரு நல்ல நோட்டு கொடுக்க வேண்டும். அம்மா அந்த கிரீஸ் நோட்டை நீட்டினாள்.

"அழுக்கா இருக்கே" என்றார் கேஷியர்.

"அதுதாங்க இதுக்குச் சாட்சி. இது யார் குடுத்ததுன்னு எனக்குத் தெரியும். பேர் வேணுமா, வண்டி நம்பர் வேணுமா?"

கேஷியர் மூக்கைச் சுளித்துக்கொண்டே அதை விளக்கில் வைத்தார். நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். நோட்டு இருட்டாக இருந்தது, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. கிரீஸ் விரல் அதைவிட இருட்டாக ஒரு முனையில். எதிர் முனையில் மட்டும் ஒரு சின்னத் திட்டு நீல வெள்ளையாக மின்னியது. கேஷியரின் கை நின்றுவிட்டது. திட்டு நீள்வட்டமாக இருந்தது, உள்ளே மெல்லிய வளைகோடுகள் தெரிந்தன.

மேற்பார்வைக்காரம்மா அம்மாவின் வலது கையைப் பிடித்து அந்தப் பெட்டிக்குள் விட்டார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நக ஓரம் வரை ஒளிர்ந்தன.

"வாங்கிப் போடுங்க சார்" என்றார். "அது அவங்க விரல்தான்."